சோற்றுக்குச் சொன்ன ஆச்சு

அந்த டயர் கடையில் நட்சத்திரம் என்று ஒருவர் இருக்கிறார். சினிமாக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். முன்வழுக்கையும் முழங்கைவரை ஏறிய கிரீஸ் கருப்புமாக அவரை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படி நினைக்கவும் மாட்டார்கள். கார் சக்கரத்தின் ஐந்து நட்டுகளை அவர் முடுக்கும் வரிசையால் வந்த பெயர் அது. ஒன்றை முடுக்கினால் பக்கத்தில் இருப்பதைத் தொடமாட்டார். அதைத் தாண்டி அடுத்தது. அங்கிருந்து ஒன்றைத் தாண்டி அதற்கடுத்தது. ஸ்பேனர் போன வழியைச் சாக்பீஸால் கோடு போட்டு இணைத்தால் சக்கரத்தின் நடுவில் ஐந்து முனையோடு நட்சத்திரம் ஒன்று பூத்திருக்கும்.

பெயர் வைத்தவன் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி, கடையில் சரிபாதிக் கூட்டாளி. வைத்ததோடு விட்டானா? அதைப் பிரித்து வேறு பொருள் சொன்னான். மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து நட்டுகள் கிடக்கும். துணி துவைக்கிற மெஷினுக்குள் அவை உருண்டு அடிக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "உள்ள என்ன, ரயிலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நட்டுங்க வந்து தங்கிட்டுப் போற சத்திரம் மாமா உங்க சட்டை. நட்-சத்திரம்!" என்பான் மச்சான். இந்த நகைச்சுவைக்கு அவனே சிரித்து, அவனே கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

"எதுக்குங்க இப்படித் தாண்டித் தாண்டி? வரிசையா முடுக்கினா சட்டுனு முடியுமே" என்று வண்டிக்காரர்கள் கேட்பதுண்டு. நட்சத்திரம் பதில் சொல்லமாட்டார். தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கமாட்டார். மச்சான்தான் சொல்வான்: "சார், ஒரு பெஞ்சுல எல்லாரும் ஒரே ஓரமா போய் உக்காந்தா என்னாகும்? அந்தப் பக்கம் தூக்கிரும்ல? சக்கரமும் அப்படித்தான். ஒரு பக்கமாவே இறுக்கிட்டுப் போனா கோணலா உக்காரும். அப்புறம் ஓடுற ஓட்டத்துல தானா நேராகும். நேரானதும் நட்டு லூஸாகும்."

அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்பதைச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவருடைய உடம்பு ஓரிடம், மனசு ஓரிடம். முதலில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தார். பாடப் புத்தகத்தில் பாதிப் பக்கம் தலைகீழாகப் போனது. பிறகு ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். மூன்றாம் மாடி கேட்டவர்களை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டு, கதவைத் திறந்துவைத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் சொல்லவில்லை.

டயர் கடையில் அவர் நிலைத்தது கையால். மனசு எங்கே போனாலும் அவருடைய கை வேலையை விட்டு நகராது. சக்கரம் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷால் துரு போகத் தேய்க்கும். நட்டை ஸ்பேனருக்குக் கொடுக்காமல் விரலாலேயே மரையேற்றும். கோணலாக ஏறினால் விரலுக்குத்தான் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது. நட்டின் சரிவான முகம் சக்கரத்தைப் பார்த்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். சுலபமாக ஏறட்டுமே என்று யாராவது எண்ணெய்க் குப்பியை நீட்டினால் தட்டிவிடும். பிறகு அந்த நட்சத்திர வரிசையில் எல்லாவற்றையும் லேசாகப் பிடிக்கவைக்கும். "இறக்கு" என்பார். மச்சான் ஜாக்கியை இறக்குவான். சக்கரம் தரையில் அழுந்தி உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வெளியே வரும். அது கை நீளத்துக்கு ஒரு கம்பி. அந்தந்த வண்டிக்கு எவ்வளவு இறுக்கம் என்று கைப்பிடியில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும்.

போதும் என்று சொல்லத் தெரிந்த பொருள் உலகத்தில் ரொம்பக் குறைவு. மனிதர்களில் அதைவிடக் குறைவு. ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதிக்கிற வண்டிக்காரர்களை அந்தக் கடை பார்த்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் முடுக்குங்க, குடும்பத்தோட போறேன்" என்றார் ஒருவர்.

"குடும்பத்தோட போறதாலதான் சார் இதோட நிறுத்துறோம்" என்றான் மச்சான். அளவுக்குமேல் இறுக்கினால் போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு, வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், ஒருநாள் வழியில் முறியும். குடும்பங்களிலும் அப்படி நடப்பதாகக் கேள்வி.

கடைசி நட்டு 'டக்' என்றதும் நட்சத்திரம் உரக்க ஒரு சொல் சொல்வார்: "ஆச்சு!" அது மச்சானுக்கு உத்தரவு. அதைக் கேட்டால்தான் அவன் சாவியை வண்டிக்காரர் கையில் கொடுப்பான். கேட்காவிட்டால், வண்டிக்காரர் தரையில் விழுந்து புரண்டாலும் கொடுக்கமாட்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு வண்டிக்கு அடியில் கிடக்கிற கடையில் இது நல்ல ஏற்பாடுதான். ஒரே குறை, தேர்ந்தெடுத்த சொல்.

நம் மொழியில் இதைப் போலப் பொறுப்பில்லாத சொல் இன்னொன்று இல்லை. 'செய்தேன்' என்றால் செய்தவன் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறான், விசாரிக்க வசதி. 'ஆச்சு' என்பதில் ஆளே கிடையாது. யார் செய்தது, எதைச் செய்தது, எவ்வளவு தூரம் செய்தது, ஒன்றும் தெரியாது. பழம் தானாகப் பழுத்து விழுந்த மாதிரி காரியம் ஆகியிருக்கிறது. அலுவலகங்கள் இந்தச் சொல்லின்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. "அந்த வேலை என்னாச்சு?" "ஆச்சு சார்." கேட்டவர் நிம்மதியாகப் போவார், வேலை கிடந்த இடத்தில் கிடக்கும். பல் தேய்த்தாச்சா, ஆச்சு. பாடம் படித்தாச்சா, ஆச்சு. இத்தனை பேர் இத்தனை காலம் கண்டதற்கெல்லாம் சொல்லித் தேய்த்த சொல்லை நம்பி ஒரு கடை சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தது.

நட்சத்திரத்தின் மனைவி குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். காப்பகத்து வேனை ஓட்டியவர் வேறு வேலைக்குப் போனபோது, புது ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், "ஏன், நானே ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன பிறகுதான் ஓட்டத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. கணவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்றால் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. நாள் முழுக்கச் சக்கரத்தோடு குடித்தனம் பண்ணுகிற மனிதருக்கு லைசென்ஸ் கிடையாது. "நான் ஓட்டினா வண்டி போற இடத்துக்கு நான் போகமாட்டேன்மா" என்றார் அவர். உண்மைதான் என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

ஆகவே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். சொல்லிக் கொடுக்கிறவருக்குப் பொறுமை மாஸ்டர் என்று பெயர். "பொறுமை, பொறுமை!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுவார்; அதனால் வந்தது. வாரக்கணக்கில் மைதானத்தைச் சுற்றிய பிறகு, அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பெரிய சாலையில், ஏரிக்கரையை ஒட்டிப் போகும் பைபாஸில் ஓட்டச் சொல்லியிருந்தார். அன்று பார்த்து அவருடைய வண்டியின் இடதுபக்கப் பின்சக்கரம் பஞ்சர். அதை ஓட்டிக்கொண்டு நேராக மச்சான் முன்னால் வந்து நின்றார்.

"சீக்கிரம்ப்பா. அங்க உங்க அக்கா காத்துக்கிட்டிருக்கு."

"பொறுமை மாஸ்டர், பொறுமை" என்றான் மச்சான். அவன் இதற்காகவே பிறந்தவன்.

நட்சத்திரம் சக்கரத்தைக் கழற்றினார். டயரின் பள்ளத்துக்குள் ஆணி இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, பச்சை நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. நாலு துளைப் பொத்தான். நடுவில் நூல்கூட இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணியை அவர் கை பிடுங்கிப் போட்டது. பொத்தானைப் பிடித்துக்கொண்டு மனசு கிளம்பிவிட்டது. பச்சைக் கோட்டுப் போட்ட ஒருவர் இந்த வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்க வேண்டும். எதையோ சொல்வதற்கு. ஓடுகிற வேகத்தில் பொத்தான் தெறித்தது, வண்டி நிற்கவில்லை, அவர் நின்றுவிட்டார். கோட்டின் ஒரு பக்கம் காற்றில் பறக்க, சாலை நடுவே, சொல்லவேண்டியதை வாயிலேயே வைத்துக்கொண்டு இன்னும் நிற்கிறார். மழை வருகிறது. அவர் கோட்டிலிருந்து பச்சை நிறம் கரைந்து ரோடெல்லாம் ஓடுகிறது. ஓடிய இடமெல்லாம் புல் முளைக்கிறது.

பஞ்சர் ஒட்டியாயிற்று. சக்கரம் ஏறியது. விரல் மரையேற்றியது. புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தபோது "இறக்கு" என்றார். மச்சான் இறக்கிவிட்டு, அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நட்சத்திரம் டார்க் ரெஞ்சை எடுத்து அளவைத் திருகினார். போன் அடித்தது.

ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சத்தம் கேட்காத இடமாக வாசலுக்கு நடந்தார்.

"என்னங்க, நாந்தான். மாஸ்டர் வண்டி இன்னும் வரலைங்க."

"வந்துரும்."

"பைபாஸ்ல பெரிய பெரிய லாரியெல்லாம் வருமாமே?"

"வந்துரும்."

"என்னது? ஏங்க, எங்க இருக்கீங்க நீங்க? கையெல்லாம் வேர்த்து ஊத்துது எனக்கு."

"பயப்படாதம்மா. நீ நல்லாத்தான் ஓட்டுவே."

"சரி, சாப்பிட்டாச்சா?"

வயிற்றில் புண் இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் தினமும் கேட்கிற கேள்வி. தினமும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனதால், அதைத் தாண்டிக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

"ஆச்சு!"

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. கையில் சாவி இருந்தது. பொறுமை மாஸ்டர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, வாசலில் பச்சைக் கோட்டுக்காரரோடு நின்ற நட்சத்திரத்தைத் தாண்டிப் பறந்தார்.

நட்சத்திரம் திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் ஒரு சதுரம் வெயில் விழுந்திருந்தது. அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு ரெஞ்சைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, சாப்பிட்டதாகச் சொன்ன சோற்றைச் சாப்பிட்டுவிடலாம் என்று கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். இது அவருடைய நேர்மை. பொய்யை முதலில் சொல்லிவிட்டு, முடிந்தபோது அதை உண்மையாக்குவார்.

மூடியைத் திறந்தார். சோறு அப்படியே இருந்தது. ஆச்சு என்று சொன்ன சோறு, ஆகாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு எங்கிருந்தோ சில்லென்று ஒன்று ஏறியது. தலையைத் திருப்பிப் பெஞ்சைப் பார்த்தார். வேலை முடிந்ததும் ரெஞ்சின் கைப்பிடியைத் தளர்த்தி வைப்பது அவர் கையின் வழக்கம். இறுக்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அளவு மறந்துபோகும். கைப்பிடி தளர்த்தப்படவில்லை. வைத்த அளவு வைத்தபடி, ஒரு நட்டையும் தொடாமல், தூங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், மாஸ்டர் வண்டி எங்க?"

"போயிருச்சு மாமா."

"எப்படிப் போச்சு?"

"சாவி குடுத்தேன், போச்சு. நீங்கதானே ஆச்சுன்னீங்க?"

"அது சோத்துக்குச் சொன்னதுடா!"

மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான்.

"அஞ்சும் கையால முடுக்கினதோட நிக்குதா மாமா?"

"லேசா பிடிக்க வச்சிருக்கேன். ரெஞ்ச் தொடல."

"அக்காதானே ஓட்டப்போகுது?"

அவர் அதற்குள் மனைவிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டப்போகிறவர்களின் போனை மாஸ்டர் வாங்கி டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவார், தன்னுடையதையும் சேர்த்துத்தான். மாணவருக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டுமாம். பயிற்சிப் பள்ளிக்குப் போட்டால் எடுத்த பெண், "இப்பத்தான் சார் கிளம்புனாங்க, பைபாஸுக்கு" என்றாள்.

மச்சானின் ஸ்கூட்டரில் ஜாக்கி காலுக்கு நடுவில், ரெஞ்ச் நட்சத்திரத்தின் மடியில் குறுக்காக. பெட்ரோல் பங்க் திருப்பத்தில் நிறுத்தி அங்கே நின்ற பெண்ணிடம், "எல் போர்டு வண்டி ஒண்ணு போச்சாக்கா?" என்றான் மச்சான்.

"பின்னாடி அத்தனை பேரும் ஹாரன் அடிச்சுக்கிட்டே ஊர்வலமா போனாங்களே, அதுவா? இப்பத்தான்."

"மெதுவாத்தான் போகுது மாமா. எங்கக்கா ஓட்டினா நடந்து போறவங்ககூட முந்திட்டுப் போவாங்க. ஒண்ணும் ஆகாது."

அவன் தனக்குத்தான் சொல்லிக்கொண்டான். நட்சத்திரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல மனசு கிளம்பியிருந்தது. ஆனால் அது போன இடம் வழக்கமான இடம் இல்லை. ஏரிக்கரைச் சாலையில் ஒரு சக்கரம் தனியாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி, அவசரமே இல்லாமல், கரையிலிருந்து இறங்கி, தண்ணீரில் முங்காமல், தண்ணீர் மேலேயே ஓடியது. போன தடத்தில் மெல்லிய கோடு ஒன்று விரிந்துகொண்டே போனது. கரையில் ஒரு கார் மூன்று சக்கரத்தில் சாய்ந்து நின்றது. அதன் கதவு திறக்குமா என்று பார்த்தார். திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். கனவைப் பாதியில் நிறுத்தத் தெரியாத மனிதர் முதல்முறையாக அதைப் பிடித்து உலுக்கினார். "மச்சான், வேகமா போ" என்றார். அவன் ஏற்கெனவே வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

ஏரி தெரிந்தது. கரையில் வளைவுக்கு முன்னால், புளியமரத்து நிழலில் அந்த வண்டி நின்றது. நாலு சக்கரத்தோடு.

அவருடைய மனைவி சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! நீங்களே சொல்லுங்க. கிளட்ச்சை வெடுக்குனு விட்டா வண்டி உதறத்தான் செய்யும். பொறுமையா விடும்மான்னா, நடுவழியில நிறுத்திட்டு இறங்கி உக்காந்துட்டாங்க."

"கிளட்ச் இல்ல மாஸ்டர்" என்றாள் அவள், எழுந்திருக்காமல். "காப்பகத்துல ஒரு ரூம் நிறைய பிள்ளைங்க கத்திக்கிட்டு இருக்கும். அதுல எந்தப் பிள்ளை அழப்போகுதுன்னு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாலும் தெரியும். பின்னாடி இடதுபக்கம் ஒண்ணு அழப்போகுது."

நட்சத்திரம் பின்சக்கரத்துக்குப் போய்க் குனிந்தார். விரலை வைத்தார். ஒரு நட்டு விரலுக்கே திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. ஐந்தும் இருந்தன, ஒன்றுகூட விழவில்லை. ஆனால் அங்கே இருப்பதாக அவை பேருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வளைவைத் தாண்டிச் சாலை சரிந்து இறங்குகிறது. அங்கே வேகம் எடுக்காமல் யாராலும் ஓட்ட முடியாது, அவளால்கூட.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். சத்தம் போடாமல் போய் முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு வந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணுமில்லக்கா, தப்பு என்னோடதுதான்" என்று மச்சான் முந்திக்கொண்டான். "நான் பாக்காம சாவியைக் குடுத்துட்டேன்."

தப்பித்துக்கொள்ள நல்ல வழி அது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் நின்றிருந்தால் அவள் தம்பியை நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். நட்சத்திரம் ஜாக்கியைப் பொருத்திக்கொண்டே, சக்கரத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, "இல்லம்மா" என்றார். "நான் ரெஞ்ச் வைக்கிறதுக்குள்ள உன் போன் வந்துது. சாப்பிட்டாச்சான்னு கேட்டே. நான் சாப்பிடல. ஆச்சுன்னு சொல்லிட்டேன். நான் சொன்ன ஆச்சு உனக்கும் வந்துது, இவனுக்கும் போச்சு. இவன் சாவியைக் குடுத்துட்டான்."

லாரி ஒன்று கடந்து போனது. வண்டி அதன் காற்றில் லேசாக ஆடியது.

"அப்ப, இத்தனை நாளா நீங்க சொன்ன ஆச்செல்லாம் யாருக்குப் போச்சு?"

மச்சான் ஏரியைப் பார்த்தான். மாஸ்டர், குடும்ப விஷயத்தில் தலையிடாத பெருந்தன்மையோடு, ஒரு காது மட்டும் இங்கே இருக்கும்படி திரும்பி நின்றார்.

"இதையா நான் வருஷக்கணக்கா நம்பிட்டு இருந்திருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "சரி, மாட்டுங்க. நான் பாக்கணும்."

மாட்டினார். சக்கரத்தை முழுசாகக் கழற்றி, போல்ட்டுகளின் மரையில் விரலோட்டி, துளைகள் அகன்றிருக்கின்றனவா என்று பார்த்தார். அகலவில்லை, அதற்குள் அவள் நிறுத்தியிருந்தாள். துடைத்தார். விரலால் மரையேற்றினார். தாண்டித் தாண்டிப் பிடிக்கவைத்தார். மச்சான் இறக்கினான். ரெஞ்சை வைத்தார். எத்தனையோ ஆயிரம் முறை செய்த வேலை. அன்றைக்கு மட்டும் மனசு எங்கும் போகாமல் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, சிறு பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்தது. இவ்வளவு கனமான சாமானா இது, நட்டு இவ்வளவு சூடாகவா இருக்கும் என்று அதற்கு எல்லாமே புதிதாக இருந்தது. ஒவ்வொன்றும் டக், டக் என்றது. ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று தொட்டுப் பார்த்தார். கைப்பிடியைத் தளர்த்தினார்.

மச்சான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். காதில் விழவேண்டிய சொல் விழவில்லை.

"நான் அஞ்சு நட்டையும் முடுக்கிட்டேன்" என்றார் நட்சத்திரம், அவளைப் பார்த்து. "இடதுபக்கப் பின்சக்கரம். நான்தான்."

"கேஸ் எழுதுறாப்புல சொல்றாரே" என்று முணுமுணுத்தான் மச்சான்.

"இனிமே அப்படித்தான்டா சொல்லணும்" என்றாள் அக்கா. "நீயும்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, இன்னிக்கு இது போதும். நான் ஓட்டிட்டு வந்து விடுறேன்" என்று டிரைவர் கதவைத் திறந்தார்.

"அப்படியே கொண்டுபோய் நிறுத்தக்கூடாது மாஸ்டர்" என்றார் நட்சத்திரம். "சக்கரம் மாட்டினா ஒரு அம்பது கிலோமீட்டராவது ஓடவிட்டு, இன்னொருதரம் ரெஞ்ச் வச்சுப் பாக்கணும். ஓடினதும் கொஞ்சம் உக்காரும். வழக்கமா மறுநாள் கொண்டாங்கன்னு சொல்லுவோம். இன்னிக்கு நான் இருந்து பாத்துடறேன்."

"அம்பதா? இந்த வண்டி பொறந்ததுலேருந்து மைதானத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போனதில்லைங்க."

"அப்ப யாராவது ஓட்டித்தானே ஆகணும்" என்று அவருடைய மனைவி சுவரை விட்டு எழுந்தாள். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். கையை விரித்துப் பார்த்தாள், வேர்வை இல்லை. மாஸ்டர் திறந்த கதவில் அவள் ஏறி உட்கார்ந்தபோது, அது அவருக்காகத் திறந்த கதவு என்பதை அவரே மறந்துவிட்டிருந்தார். பொறுமையாகப் போய் மறுபக்க இருக்கையில் உட்கார்ந்து, தன் காலுக்குக் கீழே இருக்கும் இன்னொரு பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டார்.

மச்சான் கடையைப் பார்க்க ஸ்கூட்டரில் திரும்பினான். நட்சத்திரம் பின்சீட்டில், இடதுபக்கச் சக்கரத்துக்கு நேர் மேலே, ரெஞ்சை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வளைவு வந்தது. "பொறுமை, பொறுமை!" என்று மாஸ்டர் அலறினார். அவள் பொறுமையாகத்தான் திருப்பினாள். சரிவு வந்தது, லாரி வந்தது, லாரி போனது. ஏரி முடிந்து, பயிற்சிப் பள்ளி வண்டிகள் எப்போதும் திரும்பிப் போகிற கூட்டுரோடும் கடந்து போனது. அதற்கப்பால் சாலைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் வெளிச்சமும் நிழலும் மாறிமாறி விழுகிற நீளமான ரோடு. அவள் கியர் மாற்றினாள். வண்டி உதறவில்லை. மாஸ்டர் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. கண்ணை மூடியிருந்தார், கால் மட்டும் பிரேக்கின்மேல் விழித்திருந்தது.

மீட்டரில் ஐம்பது கிலோமீட்டர் ஆகி, மைல்கல் எதுவோ ஒன்றைத் தாண்டியதும், "இங்க நிறுத்தும்மா" என்றார் நட்சத்திரம்.

சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். அவர் இறங்கி, அளவை வைத்து, தாண்டித் தாண்டித் தொட்டார். ஐந்தும் ஒரு மயிரிழைகூட நகராமல், தொடத் தொட டக் என்றன. அவருக்குத் தெரியும், இனி இதைப் பார்க்கவேண்டியதில்லை.

அவள் என்ஜினை நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு இன்னும் இருந்தது.

"எப்படிங்க இருக்கு? இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஒருதரம் பாக்கணுமா?"

நட்சத்திரம் ரெஞ்சைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.

"பாத்தா நல்லதும்மா" என்றார்.